பெரம்பூர்க்காரனுக்கு ஏன் பிரமோஷன் வரவில்லை

டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் என் ஃபோனுக்கு ஓய்வு கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் ஊருக்கு வரும் பருவம் அது. பிள்ளைகளுக்கு லீவு, சென்னை வெயிலும் தாங்கும்படி இருக்கும், சபா கேண்டீனில் இலை போட்டுச் சாப்பிடலாம். இந்தச் சந்திப்புகளில் பேச்சு எப்படி மாறிவந்திருக்கிறது என்று யோசித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஒரு காலத்தில் கார். அப்புறம் வீடு, எத்தனை பெட்ரூம். அப்புறம் எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது. இப்போது யாருக்கு எத்தனை ஸ்டென்ட், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நின்றுவிட்டார், வேறு ஆள் கிடைக்குமா, இந்த வருஷம் யாருக்கு வேலை போனது.

நாங்கள் 1997-ல் இன்ஜினியரிங் முடித்தவர்கள். எல்லாருக்கும் ஐம்பது ஆகிவிட்டது, இல்லை ஆகப்போகிறது. நான் சென்னையிலேயே தங்கிவிட்டவன். தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை. அப்போது கிடைத்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நண்பர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கல்லூரியிலேயே ஒருவரையொருவர் ஏரியா பெயரில்தான் கூப்பிடுவோம், அது இப்போது வசதியாகிவிட்டது. எழுதலாமா என்று பெரம்பூர்க்காரனிடம் கேட்டேன். "எழுது, பேர் மட்டும் போடாதே. மாமனார் எல்லாத்தையும் படிக்கிறார்" என்றான்.

பெரம்பூர்க்காரன் இருபது வருஷமாக அமெரிக்காவில் சீனியர் இன்ஜினியர். அவன் இல்லாத கல்யாண வீடுகளில் அவனுடைய சித்தப்பாவோ அத்தையோ என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏம்பா, அவனுக்கு ஏன் இன்னும் பிரமோஷன் வரல? நல்லாத்தானே படிச்சான்?" அவனுக்குப் பின்னால் படித்துவிட்டு ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் டெலிவரி ஹெட், வைஸ் பிரசிடெண்ட் என்று கார்டு நீட்டுகிறார்கள். அமெரிக்கா போனவன் இன்னும் இன்ஜினியராகவே இருக்கிறான் என்றால் அவனிடம்தான் ஏதோ குறை என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவனே பாதி முடிவுகட்டிவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த எதிர்பார்ப்பு எங்கே தயாரானது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தேன். 1998, 99-ல் மெக்கானிக்கல், சிவில் எதுவும் பாக்கியில்லாமல் எல்லாரும் எஸ்எஸ்ஐ, என்ஐஐடி கம்ப்யூட்டர் வகுப்புகளில் உட்கார்ந்து கோபால் என்ற புரோகிராமிங் மொழி படித்தோம். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும், ஒய்டூகே என்று ஒரு பூதம் வரப்போகிறது, அதை ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். சாஸ்திரி பவனில் பாஸ்போர்ட்டுக்கு நின்றோம். ஜெமினி பாலத்துக்குக் கீழே, அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில், விடியாத இருட்டில் ஃபைலும் கையுமாக வரிசை நிற்கும். விசா கிடைத்தவர்கள் கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் போய்க் காபி குடிப்பார்கள். கிடைக்காதவர்களும் அங்கேதான் குடித்தார்கள், சத்தமில்லாமல். (அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. டிரைவ்-இன்னை 2008-ல் மூடியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்போது யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவுக்கு வருஷத்துக்கு 65,000 என்று இருந்த உச்சவரம்பை அமெரிக்க நாடாளுமன்றம் 1999 நிதியாண்டில் இருந்து 1,15,000 ஆக்கியது. 2001 முதல் 2003 வரை 1,95,000. அப்புறம் 2004-ல் பழையபடி 65,000. அதாவது, எங்கள் செட்டுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆனபோது கதவு அகலமாகத் திறந்தது. திறமை வேண்டும்தான். ஆனால் இரண்டு வருஷம் முன்னாலோ ஐந்து வருஷம் பின்னாலோ பிறந்திருந்தால் அதே திறமைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கும். வீடுகளில் இதை அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளை ஜெயித்துவிட்டான் என்று பார்த்தார்கள். ஜெயித்தவன் மேலே மேலே போகவேண்டும் அல்லவா?

பெரம்பூர்க்காரன் 2000-ல் போனான். 2001-ல் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்ததும் திரும்பி வந்தான். அவன் அப்பா அக்கம்பக்கத்தில் "லீவுல வந்திருக்கான்" என்றார். லீவு நாலு வருஷம் நீண்டது. அந்த நாலு வருஷமும் அவன் பகலில் தெருவில் நடக்கவே கூச்சப்படுவான், இத்தனைக்கும் இங்கே ஒரு நல்ல கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 2005-ல் மறுபடி விசா கிடைத்துப் போனபோது, அமெரிக்கா மேல் இருந்த ஆசையைவிட, ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலைக் காலனி மறுபடி பேசாமல் இருக்கவேண்டும் என்பதுதான் பெரிய காரணம் என்று பின்னால் சொன்னான்.

இதற்கு மேல் 2015-ல் ஒன்று நடந்தது. அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஊருக்கே சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அந்த ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் இருந்த என் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் இருந்து ஃபோன் போயிருக்கிறது. "அவர் சாப்பிட்ட அதே இட்லிதானே நீயும் சாப்பிட்டே" என்று வேளச்சேரிக்காரனின் அம்மா கேட்டாராம். விளையாட்டாகத்தான். அதற்கு முன்பு இந்திரா நூயியைக் காட்டி மகள்களைக் கேட்டார்கள், அவரும் இந்த ஊரில் பிறந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஒருவர் உச்சிக்குப் போனதும் அது மற்ற எல்லாருக்கும் பாடத்திட்டம் ஆகிவிடுகிறது இந்த ஊரில்.

சரி, பிரமோஷன் விஷயத்துக்கு வருகிறேன். இது சென்னையில் யாருக்கும் புரியாத விஷயம், எனக்கே வருஷக்கணக்கில் புரியவில்லை.

வேலை வழியாக அமெரிக்கா தரும் கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வருஷத்துக்குச் சுமார் 1,40,000, குடும்பத்தினரையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மற்றவர்கள் எடுக்காமல் மிஞ்சினால் மட்டும் கொஞ்சம் கூடும். 1990-ல் போட்ட சட்டம். இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. ஆக, வரிசை. வரிசையில் உங்கள் இடம் என்பது உங்கள் கம்பெனி முதல் காகிதத்தைத் தாக்கல் செய்த தேதி. பிரையாரிட்டி டேட் என்பார்கள். மாதாமாதம் விசா புல்லட்டின் வரும், எந்தத் தேதி வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். சில மாதம் தேதி முன்னால் போகும், சில மாதம் அசையாது, சில மாதம் பின்னாலும் போகும்.

அந்த முதல் காகிதத்தில்தான் சூட்சுமம். இந்த வேலைக்கு, இந்தத் தகுதியோடு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்கவேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இரண்டு விளம்பரம் கொடுக்கவேண்டும். பெரம்பூர்க்காரன் தான் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கான விளம்பரத்தைத் தானே பேப்பரில் படித்தான், வேறு யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு. அது 2008. அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் வேலைதான் அவனுடைய வேலை. வேறு விதமான பொறுப்புக்குப் போனால், ஒரு குழுவுக்கு மேனேஜர் ஆனால், அது வேறு வேலை. மறுபடி விளம்பரம், மறுபடி விண்ணப்பம். பழைய தேதியைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் நடுவில் ஆடிட் வரலாம், நிராகரிக்கலாம், கம்பெனியே "எதுக்கு இவ்வளவு செலவு" என்று கைவிரிக்கலாம்.

2012-ல் அவனை மேனேஜர் ஆக்குகிறேன் என்றார்கள். வக்கீலிடம் கேட்டான். முடியாது என்று வக்கீல் சொல்லவில்லை. "ரிஸ்க் உங்களுடையது" என்றார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், கையில் எச்-1பி. வேண்டாம் என்றான். 2015-ல் மறுபடி கேட்டார்கள். மறுபடி வேண்டாம் என்றான். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை. இவனுக்கு ஆசை இல்லை போலிருக்கிறது என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நியாயம்தான், அவர்களுக்கு விசா புல்லட்டின் எங்கே தெரியப்போகிறது.

2019 தொடக்கத்தில் கிரீன் கார்டு வந்தது. அவனுக்கு அப்போது நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. இப்போது அவனுடைய மேனேஜருக்கு முப்பத்தாறு வயது. நல்ல பையன், இவனிடம் மரியாதையாக நடந்துகொள்கிறான், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்கிறான்.

பத்துப் பதினோரு வருஷம் ஒரு மனிதன் எதையும் அசைக்காமல், யாரையும் பகைக்காமல், இருக்கும் நாற்காலி நகராமல் பார்த்துக்கொண்டால் அது அவன் சுபாவமாகவே ஆகிவிடுகிறது. கல்லூரியில் மெஸ் காண்ட்ராக்டரை எதிர்த்து ஸ்ட்ரைக் நடத்தியவன் இவன். இப்போது ஹோட்டலில் காபி ஆறிப்போய் வந்தால்கூடத் திருப்பி அனுப்பமாட்டான். முப்பத்து மூன்றில் இருந்து நாற்பத்து மூன்று வரை என்பது ஒருவன் துணிந்து எதையாவது செய்து பார்க்கும் வயது. அந்த வயதை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, வரிசை முடிந்ததும் "என்ன சாதித்தாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அவன் அம்மா இது ஏழரைச் சனி என்று நம்பிச் சனிக்கிழமைதோறும் எள் விளக்கு ஏற்றினார். மேனேஜ்மெண்ட் புத்தகம் படித்த சொந்தக்காரர்களைவிட அம்மா பரவாயில்லை. பிள்ளையிடம் குறை என்று அவர் சொல்லவில்லையே.

மயிலாப்பூர்க்காரி கதை வேறு. எங்கள் வகுப்பில் முதல் மாணவி அவள்தான், எங்கள் எல்லாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். 2003-ல் கல்யாணமாகி எச்-4-ல் போனாள். எச்-4 என்றால் கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு போவது. படிக்கலாம், வேலை பார்க்கக்கூடாது. 2007-ல் ஒரு கம்பெனி அவளுக்காகத் தனியாக எச்-1பி போட்டது. அந்த வருஷம் ஏப்ரலில் இரண்டே நாளில் விண்ணப்பங்கள் குவிந்து குலுக்கல் நடந்தது, இவள் பெயர் விழவில்லை. அப்புறம் குழந்தை. வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் "அம்மா, ஆடு, இலை". 2015 மே மாதத்தில்தான், கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் மனைவி, கணவன்மார் வேலைக்குப் போகலாம் என்று விதி வந்தது. பன்னிரண்டு வருஷ இடைவெளியோடு அவள் இன்டர்வியூவுக்குப் போனாள். இப்போது ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரமாகக் கணக்கு எடுக்கிறாள்.

பெரம்பூர்க்காரனைப் பற்றியாவது ஊரில் கேட்கிறார்கள். இவளைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. மாப்பிள்ளை என்ன பண்றார், பசங்க என்ன படிக்கிறாங்க, அவ்வளவுதான். ஒரு டிசம்பரில் இதை அவளிடம் சொன்னேன். "எதிர்பார்ப்பு இல்லாதது நிம்மதின்னு நினைக்கிறியா?" என்று கேட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை என்றேன். "நினைச்சிருந்தா உதைச்சிருப்பேன்" என்றாள்.

வேளச்சேரிக்காரன் தாமதமாக, 2011-ல் போனவன். அவனுடைய பிரையாரிட்டி டேட் நவம்பர் 2013. அவன் நிற்கும் இபி-2 (மேற்படிப்புத் தகுதி கேட்கும் வேலைகளுக்கான பிரிவு) வரிசையில் 2025 முடியும்வரைக்கும் 2013 நடுப்பகுதியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இடையில் 2023 ஜனவரியில் வேலை போனது. எச்-1பியில் இருப்பவனுக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி மனு போடவேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலிசெய்து கிளம்பவேண்டும். கடைசி வாரத்தில் ஒரு இடம் கிடைத்தது, முந்தைய சம்பளத்தைவிடக் குறைவாக. இங்கே பிறந்து அங்கே வளர்ந்த அவன் மகளுக்கு இருபத்தொன்று முடிந்தால் அப்பாவின் விண்ணப்பத்தில் இருந்து கழன்றுவிடுவாள். அப்புறம் வெளிநாட்டு மாணவி மாதிரி அவளுக்குத் தனி விசா. அமெரிக்கத் தமிழ் உச்சரிப்போடு என்னை "மாமா" என்று கூப்பிடும் பெண், எந்த நாட்டுக்கு வெளிநாட்டுக்காரி என்று எனக்குப் புரியவில்லை.

அவன் அப்பா 2020 ஜூலையில் இறந்துபோனார். கொரோனா காலம். வந்தே பாரத் விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன, முயன்றால் பத்து நாளில் வந்திருக்கலாம். ஆனால் அவன் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதி. ஜெமினி தூதரகத்தில் விசா வேலை நின்றிருந்தது. எச்-1பி ஆட்கள் உள்ளே வரத் தடை என்று ஜூனில்தான் அறிவித்திருந்தார்கள். வந்தால் திரும்ப முடியாது. சித்தப்பா பையன் கொள்ளி வைத்தான். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் அவன் பேசிய முதல் வார்த்தை, "மொத்தம் எவ்வளவு ஆச்சு சொல்லு, அனுப்பிடறேன்." எனக்கு அப்போது சுருக்கென்றது. அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று எண்ணிப் பார்த்தால் கோபப்பட என்ன இருக்கிறது. 2015 வெள்ளத்திலும் அப்படித்தான், அவன் வீட்டுத் தரைத்தளம் முழுகியபோது எங்கெங்கோ இருந்த நண்பர்கள் அத்தனை பேரும் ஃபோன் கிடைக்காமல், இங்கே இருந்த எங்களைப் படகு மாதிரி பயன்படுத்திக்கொண்டார்கள்.

இங்கே இருந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டோம் என்றும் கேட்கவேண்டும். நாற்பத்தைந்து வயதில் எச்ஆர் ரூமுக்குக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "நீங்களே ராஜினாமா எழுதிடுங்க" என்று கேட்கும் வழக்கம் ஓஎம்ஆரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவன் தினமும் காலையில் டிஃபன் பாக்ஸோடு கிளம்பிப் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான், வீட்டில் சொல்லும் வரைக்கும். மாரடைப்பும் பொது. 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வின் தரவை வைத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது: தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்ற நாடுகளில் 59-ஐ ஒட்டி. எங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான். அண்ணா நகர்க்காரன் ஒருத்தன்தான் எங்களில் பெரிய பதவிக்குப் போனவன். முதல் ஸ்டென்ட்டும் அவனுக்குத்தான்.

போன ஜனவரியில் பெரம்பூர்க்காரன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஐசிஎஃப்பில் ஃபர்னிஷிங் பக்கம், டிரேட் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, டிரேட் டெஸ்ட் ஒவ்வொன்றாக எழுதி, சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ரிடையர் ஆனவர். அன்றைக்கு என் எதிரிலேயே கேட்டுவிட்டார். "ஏண்டா, இருபது வருஷமா ஒரே கிரேடு. என்னதான் பிரச்சினை?"

நான் மழுப்பப் பார்த்தேன். அவன் நேராகவே சொல்ல ஆரம்பித்தான். பேப்பர் விளம்பரம், தேதி, வரிசை, 2012, 2015 எல்லாம். பெரியவர் காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டு முழுக்கக் கேட்டார்.

"அப்போ சீனியாரிட்டி லிஸ்ட்ல உன் பேர் வர்றதுக்கே பதினோரு வருஷம். அதுவரைக்கும் பிரமோஷன் வாங்கினா லிஸ்ட்ல இருந்து பேர் போயிடும்."

"போயிடும்னு இல்லப்பா. போயிடலாம்."

"ரெண்டும் ஒண்ணுதான். யூனியன் இல்லையா அங்க?"

அவன் சிரித்துவிட்டான். 2007-ல் நடந்ததைச் சொன்னான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எல்லாரும் ஜூலை மாதம் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, ஜூலை 2-ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். கோபத்தில் இந்தியர்கள் சேர்ந்து குடியேற்றத் துறை இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள், காந்திய வழியாம். அவர் அதையெல்லாம் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். 17-ஆம் தேதி கதவு மறுபடி திறந்தது. இவனுக்கு அப்போது காகிதமே போடவில்லை, ஆனாலும் ஒரு கொத்து அனுப்பியிருக்கிறான்.

"பூவா?" என்றார் பெரியவர். "1974 ஸ்ட்ரைக்ல ரயிலே ஓடல. நீங்க பூ அனுப்பியிருக்கீங்க."

"வேலை ஆச்சு இல்லப்பா."

"உனக்கு ஆகலியே."

அதற்குள் அம்மா காபி கொண்டுவந்தார். பேச்சு பென்ஷனுக்குத் திரும்பியது. அங்கே பென்ஷன் உண்டா என்று கேட்டார். கம்பெனி பென்ஷன் இல்லை, நாமே சேர்த்து வைப்பது, ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் எடுத்தால் பத்து சதவீதம் அபராதம் என்று இவன் விளக்கினான். பஞ்சப்படி எப்போது ஏறும் என்றார் பெரியவர். பஞ்சப்படியே கிடையாது என்றான். அவருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறுகிறது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அவன் சித்தப்பா யார் யாரிடம் என்ன பேசினார் என்று விசாரித்தார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். "அவன் எல்ஐசியில கிளார்க்கா சேர்ந்து கிளார்க்காவே ரிடையர் ஆனவன். அவனுக்கு என்ன வாய்?" என்று சொல்லிவிட்டு, ஃபோனை எடுத்துத் தம்பி நம்பரைத் தேட ஆரம்பித்தார்.